தரையே கணப்பு ஆனது!

வெயில் நாட்டில் தரை சில்லென்று இருந்தால் சுகம். குளிர் நாட்டில் அதுவே பெரிய தொல்லை.

அமெரிக்காவில் விஸ்கான்சின் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் அங்கே ஏரிகள் உறைந்து கல்லாகிவிடும். ஏரியின் மேல் மனிதர்கள் நடந்து போவார்கள். அந்தக் குளிரில் வீட்டைச் சூடாக்காமல் குடியிருக்க முடியாது.

அந்தக் காலத்தில் சுவரில் கணப்பு அடுப்பு வைத்து விறகை எரித்தார்கள். பிறகு, இரும்புக் கணப்புகள் வந்தன. சன்னல் ஓரத்தில் இரும்புப் பட்டைகளை வரிசையாக நிறுத்தி, அவற்றுக்குள் நீராவியையோ வெந்நீரையோ ஓடவிடுவார்கள். அந்த இரும்பு சுடும். அதைச் சுற்றி உள்ள காற்று சூடாகும்.

ஆனால், சூடான காற்று கீழே நிற்காது. நேராகக் கூரைக்குப் போய்விடும். தலை வேர்க்கும், கால் விறைக்கும். தரையில் தவழும் குழந்தைக்கு இந்தச் சூட்டினால் பலன் குறைவு.

இதற்கு ஒரு மாற்று வழியை அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுவந்தவர், பிராங்க் லாயிட் ரைட். உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர். அருவியின் மேல் வீடு கட்டியவர். சங்கு போல் சுற்றிச் சுற்றி ஏறும் பொருட்காட்சி சாலையை நியூயார்க்கில் கட்டியவர். அந்தக் கட்டடங்களின் படங்களை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆனால், சாதாரணக் குடும்பங்களுக்கு அவர் செய்த பெரிய உபகாரம், படத்தில் விழாது. அது தரைக்கு அடியில் இருக்கிறது!

தாய் தந்த மரக்கட்டைகள்

ரைட், 1867-ம் ஆண்டு ஜூன் மாதம் 8-ந் தேதி விஸ்கான்சினில் ரிச்லண்ட் சென்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். பிற்காலத்தில் தமது வயதில் இரண்டைக் குறைத்துக்கொண்டு, 1869-ல் பிறந்ததாகச் சொல்லி வந்தார். பெரிய மனிதர்களுக்கும் இந்த ஆசை உண்டு போலும்!

தந்தை ஒரு பாதிரியார். சங்கீதமும் அறிந்தவர். ஆனால், அவர் கையில் பணம் தங்காது. குடும்பம் ஊர் ஊராக மாறியது. தாய் அன்னா, பள்ளிக்கூட ஆசிரியை. வேல்ஸ் நாட்டில் இருந்து வந்து குடியேறிய விவசாயக் குடும்பத்துப் பெண்.

மகன் கட்டடக் கலைஞன் ஆகவேண்டும் என்பது அன்னாவின் ஆசை. 1876-ல் பிலடெல்பியா நகரில் பெரிய பொருட்காட்சி நடந்தது. பிரோபெல் என்ற ஜெர்மன் ஆசிரியர் குழந்தைகளுக்காக உண்டாக்கிய விளையாட்டுப் பொருள்களை அன்னா அங்கே கண்டார். பந்து, உருளை, சதுரக் கட்டை என்று மரத்தால் ஆனவை. அவற்றை மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். பையன் மேசை மேல் கட்டைகளை அடுக்கினான்; கலைத்தான்; மறுபடி அடுக்கினான். அந்தக் கட்டைகளின் வழவழப்பு கிழவரான பிறகும் தம் விரலில் இருப்பதாக ரைட் சொல்லுவார்.

1885-ல் தாயும் தந்தையும் விவாகரத்து செய்துகொண்டார்கள். தந்தை வீட்டை விட்டுப் போனார். மேடிசன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ரைட் கொஞ்ச காலம் படித்தார். பட்டம் வாங்கவில்லை. 1887-ல் சிகாகோவுக்குப் போய்விட்டார்.

அங்கே லூயி சல்லிவன் என்ற பெரிய கட்டடக் கலைஞரிடம் வேலை கிடைத்தது. சல்லிவனுக்கு இந்த இளைஞனை மிகவும் பிடித்துவிட்டது. 1889-ல் ரைட் கேதரின் என்ற பெண்ணை மணந்தபோது, சல்லிவன் 5,000 டாலர் கடன் கொடுத்தார். அந்தப் பணத்தில் ஓக் பார்க் என்ற இடத்தில் ரைட் தமக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டார். ஆறு குழந்தைகள் பிறந்தன.

வரவுக்கு மேல் செலவு செய்வது ரைட்டின் சுபாவம். நல்ல துணி, நல்ல புத்தகம், நல்ல வாத்தியம் எதைக் கண்டாலும் வாங்குவார். மளிகைக் கடையில் பாக்கி நிற்கும். பணத்துக்காக, முதலாளிக்குத் தெரியாமல் இரவில் வெளி ஆட்களுக்கு வீட்டுப் படம் போட்டுக் கொடுத்தார். சல்லிவனுக்கு அது தெரிந்தது. 1893-ல் இருவரும் பிரிந்தார்கள்.

பிறகு, ரைட்டின் சொந்தத் தொழில் வளர்ந்தது. பரந்த சமவெளியில் படுத்துக் கிடப்பது போன்ற தாழ்வான, நீளமான வீடுகளை அவர் கட்டினார். வீட்டுக்குள் பெட்டி பெட்டியாக அறைகள் இருப்பது அவருக்குப் பிடிக்காது. இரும்புக் கணப்புகளும் பிடிக்காது. அறையின் அழகை அவை கெடுக்கின்றன என்று நினைத்தார். அவற்றை மரச் சட்டங்களுக்குப் பின்னால் மறைத்தார். மறைக்கத்தான் முடிந்தது, ஒழிக்க முடியவில்லை.

தீயும் கொலையும்

1909-ல் ரைட் செய்த காரியம் ஊரையே திடுக்கிட வைத்தது. தாம் வீடு கட்டிக் கொடுத்த ஒருவரின் மனைவியோடு ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். அந்த அம்மாளின் பெயர் மேமா. மனைவியும் ஆறு குழந்தைகளும் ஓக் பார்க்கில் நின்றார்கள். பத்திரிகைகள் தூற்றின. வேலை கொடுப்பவர்கள் குறைந்தார்கள். ரைட் செய்ததை நியாயம் என்று சொல்ல வழி இல்லை.

1911-ல் விஸ்கான்சினில், தாயின் உறவினர்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கில் மேமாவுக்காக ஒரு வீடு கட்டினார். தாலியெசின் என்று பெயர் வைத்தார்.

1914-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி ரைட் சிகாகோவில் வேலையாக இருந்தார். தாலியெசினில் ஒரு வேலைக்காரன் வீட்டுக்குத் தீ வைத்தான். தப்பி ஓட முயன்றவர்களைக் கோடரியால் வெட்டினான். மேமாவும், அவரது இரண்டு குழந்தைகளும், வேறு நான்கு பேரும் மாண்டார்கள். ரைட் ரெயிலில் ஓடி வந்தார். வீட்டில் பாதி சாம்பலாகக் கிடந்தது.

அதே இடத்தில் அவர் மறுபடி கட்டினார்.

ஜப்பானில் ஒரு விருந்து

ஜப்பான் நாட்டுத் தலைநகர் டோக்கியோவில், இம்பீரியல் ஓட்டலைப் புதிதாகக் கட்டும் வேலை ரைட்டுக்குக் கிடைத்தது. அந்த வேலைக்காகப் பல ஆண்டுகள் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலில் போய் வந்தார்.

ஓட்டலின் முக்கியப் புள்ளிகளில் ஒருவர் ஓக்குரா. பெரும் பணக்காரர். பிரபு பட்டம் பெற்றவர். ஒரு குளிர்கால இரவில் ரைட்டைத் தம் மாளிகைக்கு விருந்துக்கு அழைத்தார்.

விருந்து மண்டபம் அழகானது. ஆனால், பனிக்கட்டி போல் குளிர்ந்தது. ஜப்பானிய வீடுகளில் அந்தக் காலத்தில் கரிச்சட்டி வைத்துக் கையைக் காட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ரைட் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சாப்பாடு இறங்கவில்லை.

விருந்து முடிந்ததும் காப்பி சாப்பிட வேறோர் அறைக்கு அழைத்துப் போனார்கள். அதற்குக் கொரியா அறை என்று பெயர். சிறிய அறை. தாழ்ந்த கூரை. சுவரில் அலங்காரம் இல்லை. எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

சில நிமிடங்களில் ரைட்டின் நடுக்கம் நின்றது. உடம்பு இதமாக இருந்தது. பனிக்காலம் போய் வசந்த காலம் வந்ததுபோல் தோன்றியது. சுற்றிப் பார்த்தார். அடுப்பைக் காணோம். கரிச்சட்டியைக் காணோம். இரும்புக் கணப்பும் இல்லை. சூடு எங்கிருந்து வருகிறது?

தரையில் இருந்து வந்தது!

கொரியா அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. ஓக்குரா, கொரியத் தலைநகர் சியோலில் அரண்மனைக் கட்டடம் ஒன்றையே பிரித்து எடுத்து டோக்கியோவுக்குக் கொண்டுவந்தவர். அது கொரிய இளவரசர்கள் வாழ்ந்த மாளிகை. ரைட் உட்கார்ந்த அறை அதைச் சேர்ந்ததுதான் என்று கருதுகிறவர்கள் உண்டு. அந்த மாளிகை 1923-ல் எரிந்துபோயிற்று. மிஞ்சிய அடிக்கற்கள் 1990-களில் கொரியாவுக்குத் திரும்பின.

சமையல் அடுப்பின் சூடு

கொரியர்கள் இந்த முறைக்கு ஒண்டோல் என்று பெயர் சொல்லுகிறார்கள். மிகப் பழைய முறை. அரண்மனையில் மட்டும் அல்ல. குடியானவர் வீட்டிலும் உண்டு.

சமையல் அறையைத் தாழ்வாகக் கட்டுவார்கள். படுக்கும் அறையின் தரை அதைவிட உயரமாக இருக்கும். அந்தத் தரைக்கு அடியில் வாய்க்கால்கள் போல் வழிகள் ஓடும். மேலே தட்டைக் கற்களைப் பரப்பி, மண் பூசி, எண்ணெய் ஏற்றிய காகிதத்தை ஒட்டிவிடுவார்கள். சமையல் அடுப்பின் நெருப்பும் புகையும் அந்த வழிகளில் புகுந்து, அறையின் மறு பக்கத்தில் உள்ள புகைபோக்கி வழியாக வெளியேறும். போகிற வழியில் கற்களைச் சூடாக்கிவிட்டுப் போகும். ஒரே விறகில் சோறும் வேகும், வீடும் சூடாகும்!

கல் மெதுவாகச் சூடேறும். மெதுவாகவே ஆறும். பகல் முழுதும் வெயிலில் காய்ந்த மொட்டை மாடி, இரவு வெகு நேரம் சூடு விடுகிறது அல்லவா? அதுபோலத்தான். கொரியர்கள் அந்தத் தரையிலேயே பாய் விரித்து உறங்குவார்கள். அடுப்புப் பக்கம் உள்ள இடம்தான் மிகவும் இதமானது. அதை வீட்டுப் பெரியவர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் விடுவது வழக்கம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. தரையில் வெடிப்பு விட்டால் புகை அறைக்குள் வரும். கொரியாவில் விறகுக்குப் பதில் நிலக்கரிக் கட்டிகளை எரிக்கத் தொடங்கிய காலத்தில், கண்ணுக்குத் தெரியாத நச்சுக் காற்று கசிந்து, உறக்கத்திலேயே பலர் இறந்தார்கள்.

ரோமானியர்களும் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் தங்கள் குளிக்கும் மண்டபங்களில் தரைக்கு அடியில் நெருப்பின் சூட்டைச் செலுத்தினார்கள். ஐரோப்பாவில் பிறகு அது மறைந்துபோயிற்று. கொரியர்கள் மட்டும் விடவில்லை.

ரைட் பிறரிடம் கற்றதை ஒப்புக்கொள்ளுகிறவர் அல்லர். தற்பெருமை அதிகம். ஆனால், கொரியா அறையை மட்டும் அவர் மறைக்கவில்லை. அந்த இரவைப் பற்றித் தாமே எழுதி வைத்தார்.

உடனே காரியத்தில் இறங்கினார். இம்பீரியல் ஓட்டலின் குளியல் அறைகளில், தரைக்கு அடியில் மின்சாரக் கணப்புகளை வைத்தார். ஓடு பதித்த தரை. குளித்துவிட்டு ஈரக் காலோடு நிற்பவர்களுக்கு இதமாக இருந்தது.

1923-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி ஓட்டல் திறப்பு விழா. அன்று நண்பகலில் டோக்கியோவில் பூகம்பம்! ஒரு லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். இம்பீரியல் ஓட்டலுக்குச் சேதம் உண்டு; ஆனால் விழவில்லை. ரைட்டின் பெயர் உலகெங்கும் பரவியது. அதே பூகம்பத்தில் வேறு பல கட்டடங்களும் தப்பின என்பதை அவர் அவ்வளவாகச் சொல்லுவது இல்லை! அந்த ஓட்டலை 1968-ல் இடித்துவிட்டார்கள். முகப்பை மட்டும் நகோயா நகருக்கு அருகில் உள்ள ஒரு திறந்தவெளிக் காட்சிசாலையில் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஐயாயிரம் டாலர் வீடு

புகழ் வந்தது. பணம் வரவில்லை. தாலியெசினில் 1925-ல் மீண்டும் தீ. கடன் கொடுத்த வங்கி வீட்டைக் கைப்பற்றியது. விவாகரத்து வழக்குகள். 1926-ல் இரண்டு இரவு சிறையிலும் இருந்தார். 1928-ல் ஒல்கிவானா என்ற பெண்ணை மணந்தார். அந்த மணம் நிலைத்தது. அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவில் பெரும் வியாபார மந்தம். கட்டட வேலை அடியோடு நின்றது. ரைட்டுக்கு 60 வயது தாண்டிவிட்டது. அவர் காலம் முடிந்தது என்று பலர் எண்ணினார்கள்.

1936-ல் மேடிசன் நகரத்தில் இருந்து ஓர் இளம் தம்பதி தாலியெசினுக்கு வந்தார்கள். கணவர் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், பத்திரிகை நிருபர். மனைவி பெயர் கேதரின். அவர்களுக்கு ஒரு சிறு பெண் குழந்தை. கையில் அதிகப் பணம் இல்லை. 5,000 டாலரில் ஒரு நல்ல வீடு கட்டித்தர முடியுமா என்று கேட்டார்கள்.

பணக்காரர்களுக்கே வீடு கட்டிப் பழகியவர் ரைட். ஆனால், இந்தக் கேள்விக்காகவே அவர் காத்திருந்ததுபோல் தோன்றுகிறது. உடனே ஒப்புக்கொண்டார்.

செலவைக் குறைக்க வேண்டும். எதை விடலாம்? நிலவறையை விட்டார். பரணை விட்டார். கார் நிற்கும் கொட்டகையை விட்டு, ஒரு கூரையை மட்டும் நீட்டினார். மரப் பலகைகளை அடுக்கி, மூன்று அங்குலம்கூடக் கனம் இல்லாத சுவர்களை எழுப்பினார். சமையல் செய்யும் இடத்தை வீட்டின் நடுவே வைத்தார். தாய் சமைத்துக்கொண்டே குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். தோட்டத்துப் பக்கம் உயரமான கண்ணாடிக் கதவுகள்.

நிலவறை இல்லை என்றால், கணப்புக் குழாய்கள் எங்கே போகும்? ரைட் கொரியா அறையை நினைத்தார்.

நிலத்தில் சரளையும் மணலும் பரப்பி, அதில் இரும்புக் குழாய்களை வளைத்து வளைத்துப் போட்டார்கள். அதன் மேல் நான்கு அங்குலக் கனத்துக்குக் கான்கிரீட் தளம். பாய்லரின் சூடு குழாய்களில் ஓடும். தளம் முழுதும் சூடாகும். புகை இல்லை, ஆகையால் கொரிய வீட்டில் இருந்த ஆபத்தும் இல்லை. அந்தத் தளமே வீட்டுக்கு அடித்தளம். அதுவே நடக்கும் தரை. அதுவே கணப்பு! மூன்று செலவு ஒன்றானது.

கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். தட்டைக் கூரை, மெல்லிய சுவர், கணப்பு இல்லாத அறை. விஸ்கான்சின் குளிரில் இது நிற்குமா? வீட்டுக் கடன் கொடுப்பவர்களும் தயங்கினார்கள். பரிசோதனை ரைட்டுக்கு, குளிர் தாக்கினால் அவதிப்படப் போவது ஜேக்கப்ஸ் குடும்பம். சேமித்த பணம் எல்லாம் அந்தத் தளத்துக்குள் புதைந்து கிடந்தது. குழாயில் கோளாறு வந்தால், தரையை உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்த வேலை நடக்கும்போதே ரைட் நிமோனியாக் காய்ச்சலில் விழுந்து பிழைத்தார். அதன் பிறகு, குளிர்காலத்தைக் கழிக்க அரிசோனாப் பாலைவனத்தில் தமக்கு ஓர் இடம் தேடிக்கொண்டார்! 1937-ல் அங்கே கட்ட ஆரம்பித்தார். ஜேக்கப்ஸ் தம்பதிக்கு அந்த வசதி இல்லை. 1937 நவம்பரில், குளிர் தொடங்கும் நேரத்தில் புது வீட்டுக்குக் குடி வந்தார்கள்.

வீடு தாங்கியது. தரை இதமாக இருந்தது. செலவு, ரைட்டின் கூலியும் சேர்த்து 5,500 டாலர்.

கணப்பு செய்யும் தொழிலில் இருந்தவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. சிலர் நேரில் வந்தார்களாம். தரை விரிப்பைத் தூக்கி, பாய்லருக்கு எட்டத்தில் உள்ள மூலைகளில் கையை வைத்துப் பார்த்தார்களாம். பேயைக் கண்டவர்கள்போல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். இது ரைட் சொல்லும் கதை. கொஞ்சம் உப்பும் காரமும் சேர்த்திருப்பார்.

பார்க்க வந்தவர்கள் அவர்கள் மட்டும் அல்ல. ஓயாமல் ஆட்கள் வந்து கதவைத் தட்டினார்கள். கடைசியில் ஜேக்கப்ஸ் தம்பதி உள்ளே வந்து பார்க்கச் சிறு கட்டணம் வசூலித்தார்கள். (இந்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ்தான் பிற்காலத்தில், கூட்டத்தில் எத்தனை பேர் என்று கணக்கிட ஒரு முறையைக் கண்டுபிடித்தவர். கூட்டத்தோடு அவருக்கு அப்போதே பழக்கம்!) பின்னர் அவர்கள் ரைட்டிடம் இரண்டாவது வீடும் கட்டிக்கொண்டார்கள். அதிலும் தரையில்தான் சூடு. முதல் வீட்டில் பட்ட அனுபவத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

ஏன் இதம்?

இந்த முறையில் காற்றைச் சூடாக்குவது முக்கியம் அல்ல. தரை தன் சூட்டை நாலா பக்கமும் வீசுகிறது. அந்தச் சூடு நேராக உடம்பில் படுகிறது. கால் சூடாக இருந்தால், அறையின் காற்று சற்றுக் குளிர்ந்திருந்தாலும் உடம்புக்குத் தெரியாது. ஆகையால், எரிபொருளும் மிச்சமாகும்.

தரை சுடுமோ என்று பயப்பட வேண்டாம். நம் உடம்பின் சூடு 37 டிகிரி. தரையின் சூடு 29 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இரும்புக் கணப்பில் 70 டிகிரிக்கு மேல் கொதிக்கும் நீர் ஓடும். தரைக் குழாய்க்கு 35 முதல் 45 டிகிரி போதும்.

குறையும் உண்டு. காலையில் திறந்துவிட்டால் உடனே சூடு வராது. தளம் சூடேறப் பல மணி நேரம் ஆகும். கனமான கம்பளத்தை விரித்தால் சூடு அடியிலேயே நின்றுவிடும்.

இதற்கு ரைட் வைத்த பெயர், புவியீர்ப்புச் சூடு. சூடு தானாக மேலே எழும்புகிறது என்பதால் அப்படி ஒரு பெயர். பெயர் நிலைக்கவில்லை. முறை நிலைத்தது.

வீடு தாண்டி

அதே சமயத்தில் ரைட்டுக்குப் பெரிய வேலைகளும் வந்தன. ரசீன் என்ற ஊரில் மெழுகு தயாரிக்கும் ஜான்சன் கம்பெனிக்கு ஓர் அலுவலகம் கட்டினார். 1939-ல் திறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரே பெரிய கூடம். அதன் தூண்கள் அடியில் மெலிந்து, உச்சியில் தாமரை இலைபோல் விரியும். தூண் 12 டன் தாங்கினால் போதும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். ரைட் ஒரு தூணை நிறுத்தி, அதன் மேல் மணல் மூட்டையும் இரும்பும் ஏற்றச் சொன்னார். 60 டன் ஏற்றிய பிறகுதான் அது உடைந்தது! அந்தக் கூடத்திலும் தரைக்கு அடியில் குழாய்கள் போட்டார்.

பிறகு, அவர் கட்டிய பல சிறு வீடுகளிலும் இதே முறைதான். கலிபோர்னியாவில் அப்படி ஒரு வீட்டில் ஜோசப் ஐக்லர் என்ற வியாபாரி சில காலம் வாடகைக்கு இருந்தார். அந்த வாழ்க்கை அவரை மாற்றிவிட்டது. வீடு கட்டி விற்கும் தொழிலில் இறங்கி, சுமார் 11,000 வீடுகள் கட்டினார். தரைச் சூடு அவற்றின் அடையாளமாகவே ஆயிற்று. நியூயார்க்குக்கு அருகே லெவிட்டவுன் என்ற புது ஊரில், 1947 முதல் நான்கே ஆண்டுகளில் 17,000-க்கும் அதிகமான வீடுகள் எழும்பின. போரில் இருந்து திரும்பிய வீரர்களின் குடும்பங்கள் குடி வந்தன. அங்கும் கான்கிரீட் தளத்துக்குள் செப்புக் குழாய்களைப் பதித்தார்கள்.

அந்தக் குழாய்கள்தான் பிறகு சோதனை ஆயின. இரும்பும் செம்பும் தளத்துக்குள் அரித்தன. சில வீடுகளில் தரையை உடைக்க நேர்ந்தது. பலர் இந்த முறையையே கைவிட்டார்கள். அரிக்காத, வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய்கள் வந்த பிறகுதான் தரைச் சூட்டுக்கு மறுவாழ்வு வந்தது.

அதை ரைட் பார்க்கவில்லை. 1959-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9-ந் தேதி அரிசோனாவில் காலமானார். வயது 91. நியூயார்க்கில் அவர் கட்டிய சங்கு வடிவப் பொருட்காட்சி சாலை, ஆறு மாதம் கழித்துத் திறக்கப்பட்டது. உடலை விஸ்கான்சின் பள்ளத்தாக்கில், தாயின் குடும்பத்தார் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

இன்று தரைச் சூடு வீட்டோடு நிற்கவில்லை. விமானங்களைப் பழுது பார்க்கும் கொட்டகையில் பெரிய கதவைத் திறந்தால், சூடான காற்று எல்லாம் ஒரே நொடியில் வெளியே போய்விடும். தரை சூடாக இருந்தால், கதவை மூடிய சிறிது நேரத்தில் அறை பழைய நிலைக்கு வந்துவிடும். உயரமான கூரை உள்ள மாதாகோவில்கள், நீச்சல் குளங்களின் ஓரம், ஆஸ்பத்திரிகள், கார் பழுது பார்க்கும் பட்டறைகள் எல்லாவற்றிலும் இந்த முறை வந்துவிட்டது. மிச்சிகன் மாநிலத்தில் ஹாலண்டு என்ற ஊரில் 1988 முதல் கடைத் தெருவின் அடியிலேயே வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. மின்சார நிலையத்தில் வீணாகும் சூட்டைக் கொண்டு அந்த நீரைச் சூடாக்கத் தொடங்கினார்கள். நடைபாதையில் பனி விழுந்ததும் உருகிவிடும். கிழவர்கள் வழுக்கி விழுவது இல்லை.

வெயில் நாட்டுக்கும் இது பயன்படுகிறது. குழாயில் வெந்நீருக்குப் பதில் குளிர்ந்த நீரை ஓடவிட்டால் தரை குளிரும். தாய்லாந்தில் பாங்காக் விமான நிலையத்தை 2006-ல் திறந்தபோது, பயணிகள் நடக்கும் கூடங்களின் தரைக்கு அடியில் அப்படிக் குளிர்நீர்க் குழாய்களைப் பதித்திருந்தார்கள்.

கொரியாவில் இன்று அடுப்புப் புகை போய், வெந்நீர்க் குழாய் வந்துவிட்டது. சியோலில் முப்பது மாடிக் குடியிருப்பின் உச்சி வீட்டிலும் தரை இதமாகத்தான் இருக்கிறது. மக்கள் செருப்பை வாசலில் விட்டு, தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

மேடிசன் நகரத்து 5,000 டாலர் வீடு இன்னும் நிற்கிறது. 1980-களில் அதைப் பழுது பார்த்துச் சீராக்கினார்கள். ரைட்டின் எட்டுக் கட்டடங்களை 2019-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அருவி வீடு, சங்கு வடிவப் பொருட்காட்சி சாலை இவற்றோடு, நிருபர் ஜேக்கப்ஸ் குடும்பத்தின் சின்ன வீடும் அந்த எட்டில் ஒன்று.